யூஸ்பாக்ஸ் கேம் கன்சோல்: டிவியில் கலர் வரும்படி கட்டுவது எப்படி

யூஸ்பாக்ஸ் ஒரு 8 பிட் கேம் கன்சோல். அலெக் பூர்க் 2008-இல் வெளியிட்டது. சர்க்யூட் படம், மென்பொருள் இரண்டுமே எல்லோருக்கும் திறந்தவை. ஏடிமெகா644 என்ற ஒரே சிப் (64 கிலோபைட் ஃபிளாஷ், 4 கிலோபைட் ரேம்) படம், ஒலி, ஆட்டம் மூன்றையும் பார்த்துக்கொள்ளும். இவ்வளவு சின்ன சிப்பிலிருந்து 256 நிறம் வருவது இன்றும் வியப்புதான்.

முதலில் டிவியைப் பாருங்கள். யூஸ்பாக்ஸ் தருவது அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி சிக்னல். நம் நாட்டுப் பழைய டிவிகள் ‘பால்’ (PAL) என்ற வேறு முறைக்குச் செய்தவை. கறுப்பு வெள்ளையாக வரும், இல்லையேல் படம் உருளும். மெனுவில் கலர் சிஸ்டம் ‘ஆட்டோ’ அல்லது ‘என்டிஎஸ்சி 3.58’ இருந்தால் கவலையில்லை. சிவப்பு, பச்சை, நீலத்தை டிவி சிக்னலாக்கும் ஏடி725 வீடியோ சிப்பில் பாலுக்கு மாற்றும் கால் உண்டு. அதை மட்டும் மாற்றினால் கலர் வராது: பாலுக்கு 17.73 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், இங்கே கிடைப்பது 28.6 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் பாதியான 14.3.

ரெசிஸ்டர், ஆர்சிஏ சாக்கெட், 40 கால் ஐசி பேஸ் எல்லாம் நாகர்கோவில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலேயே வாங்கலாம். இரண்டு ஐசிகளையும் கிரிஸ்டலையும் ஆன்லைனில் வரவழையுங்கள். ஏடி725 சின்ன 16 கால் எஸ்எம்டி (போர்டின் மேற்பரப்பிலேயே சால்டர் செய்யும் வகை) என்பதால் அடாப்டர் போர்டும் சேர்த்து வாங்க வேண்டும்.

கிரிஸ்டல் 28.6 மெகாஹெர்ட்ஸ். ‘ஃபண்டமென்டல்’ (எழுதிய வேகத்தில் நேரடியாக அதிரும்) வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். ‘தேர்டு ஓவர்டோன்’ வகை இந்தச் சர்க்யூட்டில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓடிவிடும். டிவி அந்தப் படத்தைப் பிடிக்காது. ஏடிமெகா644-இன் அதிகாரப்பூர்வ எல்லை 20 மெகாஹெர்ட்ஸ்தான். அதைத் தாண்டி ஓட்டுவதால் ஆடாத 5 வோல்ட் கொடுங்கள், ஒவ்வொரு பவர் காலுக்கும் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வையுங்கள்.

நிறம் ஏடிமெகா644-இன் போர்ட் சி என்ற எட்டுக் கால்களிலிருந்து, காலுக்கு ஒரு பிட்டாக வருகிறது: பிட் 0 முதல் 2 வரை சிவப்பு, 3 முதல் 5 பச்சை, 6, 7 நீலம். சிவப்புக்கும் பச்சைக்கும் சின்ன பிட்டிலிருந்து 3.3 கே, 1.6 கே, 820 ஓம், நீலத்துக்கு 1.5 கே, 680 ஓம் ரெசிஸ்டர்கள். மூன்று நிறத்துக்கும் கிரவுண்டுக்கு 75 ஓம். உச்சத்தில் ஏறக்குறைய 0.69 வோல்ட் வரும். ஏடி725 ஏற்பது 0.714 வரைதான். அதன் ஒவ்வொரு உள்ளீட்டிலும் 0.1 மைக்ரோஃபாரட், வெளியீட்டில் 220 மைக்ரோஃபாரடும் 75 ஓமும் தொடராக.

அதிகம் பேர் சறுக்குவது ஃபியூஸில், அதாவது சிப் எப்படி ஓட வேண்டும் என்று அதற்குள் எழுதும் அமைப்பில். புது சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால் யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரின் (கம்ப்யூட்டரிலிருந்து சிப்புக்குள் எழுதும் கருவி) பிட் கிளாக்கை 10 மைக்ரோசெகண்டாக மெதுவாக்குங்கள். கிரிஸ்டலைப் பொருத்திய பிறகே லோ ஃபியூஸ் எஃப்7 எழுதுங்கள். கிரிஸ்டல் இல்லாமல் எழுதினால் சிப் அதன்பின் பேசாது. பூட்லோடர் (ஆட்டத்தைச் சிப்பில் ஏற்றும் சின்ன நிரல்) இல்லையென்றால் ஹை ஃபியூஸ் டி9. இதை மறந்தால் சிப்பைச் சோதிப்பதற்கான ஜேடேக் இணைப்பு போர்ட் சி-யின் 2 முதல் 5 வரையான பிட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். பச்சை முழுதும் போய், சிவப்பின் பெரிய பிட்டும் போகும். டிவியில் நிறம் தாறுமாறானால் சால்டரிங்கைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கடப்புறத்தில் உப்புக்காற்று ஏடி725-இன் மெல்லிய கால்களைச் சீக்கிரம் அரிக்கும். ஃப்ளக்ஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் பிசிபி வார்னிஷ் அடியுங்கள். அதற்கு முன் ஆர்சிஏ, கன்ட்ரோலர் சாக்கெட்டுகளின் வாயை டேப்பால் மூடிவிடுங்கள். வார்னிஷ் உள்ளே போனால் தொடர்பு கிடைக்காது.