பல்லுயிர் யூனிட் விற்பனை: 30 ஆண்டு ஒப்பந்தத்தில் நிலச் சொந்தக்காரர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தில் கட்டடம் கட்டுகிறவர்களில் பலர், அந்த மனையில் அழியும் இயற்கைக்கு ஈடு செய்தால் மட்டும் போதாது. முன்பு இருந்ததைவிட 10 விழுக்காடு கூடுதலாகவும் காட்ட வேண்டும். 2021 சுற்றுச்சூழல் சட்டத்தின்படி, பெரிய திட்டங்களுக்கு 2024 பிப்ரவரி 12 முதலும் சிறியவற்றுக்கு ஏப்ரல் 2 முதலும் இது கட்டாயமானது. மனைக்குள் இடம் போதாதவர்கள் வெளியே, வேறொருவர் நிலத்திலிருந்து பல்லுயிர் யூனிட் வாங்குகிறார்கள். வாழிடத்தின் பரப்பையும் தரத்தையும் வைத்து இயற்கையின் மதிப்பைக் கணக்கிடும் அலகுதான் இந்த யூனிட். விளைச்சல் குறைந்த வயலைப் பூக்கள் நிறைந்த புல்வெளியாக மாற்றும் விவசாயிக்கு இது நல்ல வருமானம். அதற்கு முன் ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். பலரும் சறுக்குவது அங்கேதான்.

முதல் தவறு, யூனிட்டை விற்றதும் பொறுப்பும் கைமாறிவிட்டது என்று நினைப்பது. பணம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்துவிடும். பராமரிப்பு வேலையோ குறைந்தது 30 ஆண்டு. ஒப்பந்தம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். நாளை மகன் எடுத்தாலும், வேறொருவர் வாங்கினாலும் கடமை தொடரும். ஆகவே புல் வெட்டும் கூலி, வேலி, சூழலியல் வல்லுநரின் ஆய்வு, உள்ளாட்சி வாங்கும் கண்காணிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் விலைவாசி ஏற்றத்தோடு கணக்குப் போட்ட பிறகே விலை சொல்லுங்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்ன விலையையே நீங்களும் சொல்லாதீர்கள்.

அடுத்தது, எந்த வகை ஒப்பந்தம் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவது. இரண்டு வழி இருக்கிறது: கட்டட அனுமதி தரும் உள்ளாட்சித் திட்ட அமைப்போடு, திட்டமிடல் சட்டத்தின்படி போடும் பிரிவு 106 ஒப்பந்தம், அல்லது அரசு அங்கீகரித்த பொறுப்பு அமைப்போடு போடும் இயற்கைப் பாதுகாப்பு உடன்படிக்கை. இரண்டாவதில் ஒரு நுட்பம் உண்டு. முழு உரிமை நிலத்தில் காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால், அந்த உடன்படிக்கைக்கு முடிவுத் தேதியே கிடையாது. 30 ஆண்டு என்று நம்பிக் கையெழுத்திட்டவரின் பேரனையும் அது கட்டிப்போடும். எத்தனை ஆண்டு, எந்த நாளிலிருந்து எண்ணுவது, முடிந்தபின் நிலத்தை என்ன செய்யலாம் என்ற மூன்றும் தாளில் இருந்தே ஆக வேண்டும். இதில் மட்டும் வழக்கறிஞரைத் தொல்லை செய்யத் தயங்காதீர்கள்.

மூன்றாவது, எட்டாத தரத்துக்கு வாக்குக் கொடுப்பது. வாழிடத்தின் நிலை உயர உயர யூனிட் கூடும் என்பதால் 'நல்ல நிலை' என்று எழுத ஆசை வரும். ஆனால் பல ஆண்டு உரம் போட்ட வயலில் பாஸ்பரஸ் மண்டிக் கிடக்கும். முரட்டுப் புல் செழித்து வளர்ந்து மெல்லிய பூச்செடிகளை அமுக்கிவிடும். கோடை முடிவில் வெட்டிய புல்லை அங்கேயே போட்டுவிட்டால் அது மக்கி மறுபடி உரமாகும். வாரி வெளியே எடுக்க வேண்டும், ஆண்டுதோறும். மண் பரிசோதனை செய்த பிறகு எழுதும் 'நடுத்தர நிலை' உங்களைக் காப்பாற்றும். வெள்ளம், வறட்சி, மரநோய் வந்து வாழிடம் கெட்டால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நிலம் முழுவதையும் ஒரே நாளில் கட்டுக்குள் கொண்டுவருவது. இருபது யூனிட்டுக்கு ஒப்பந்தம் போட்டு மூன்றுதான் விற்றது என்று வையுங்கள். வாசகம் சரியில்லை என்றால் மிச்சப் பதினேழுக்கும் வேலை செய்ய வேண்டியிருக்கும். துண்டு துண்டாக, விற்க விற்கக் கடமை தொடங்கும்படி எழுத முடியும், கேட்டு வாங்குங்கள்.

நிலத்தின் மேல் கடன் இருந்தால் வங்கியிடமும், குத்தகைக்காரர் இருந்தால் அவரிடமும் முதலிலேயே பேசுங்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால் எல்லாம் நின்றுபோகும். யூனிட் விற்பனைக்கு மதிப்புக்கூட்டு வரி, வாரிசு வரிச் சலுகை இரண்டையும் கணக்கரிடம் காட்டிவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் பதிவேடு. அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து நடத்தும் பதிவேட்டில் நிலம் ஏறாமல் கட்டுநர் அந்த யூனிட்டைத் தன் கணக்கில் காட்ட முடியாது. விண்ணப்பத்துக்குக் கையெழுத்தான ஒப்பந்தம் வேண்டும், முடிவு வர ஆறு வாரம் வரை ஆகலாம். ஒப்பந்த வரைபடத்தின் எல்லைக்கோடும் விண்ணப்ப வரைபடத்தின் கோடும் ஒன்றாக இருக்கிறதா என்று அனுப்புமுன் நீங்களே ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.