சென்டர் பிவட் பாசனத்தில் தண்ணீரை வீணாக்காமல் இருக்க

சென்டர் பிவட், அதாவது நடுத்தூணைச் சுற்றிச் சக்கரங்களில் நகர்ந்தபடி தண்ணீர் தெளிக்கும் நீண்ட குழாய், ஓட்டுபவர்கள் முதலில் தெளிப்பானின் உயரத்தைப் பாருங்கள். மேலே குழாயிலேயே இருந்து பீய்ச்சினால் காற்று ஒரு பங்கை அடித்துக்கொண்டு போய்விடும், தொங்கு குழாய் போட்டுப் பயிருக்குச் சற்று மேலே இறக்கினால் அந்தத் தண்ணீரும் மண்ணுக்கு வந்து சேரும். ஆனால் இறக்கினால் நனையும் அகலம் குறையும், இடைவெளியையும் நெருக்க வேண்டும், இல்லையென்றால் வயலில் காய்ந்த வளையங்கள் விழும்.

அப்புறம் நாசில், அதாவது தெளிப்பானில் தண்ணீர் வெளியேறும் துளையுள்ள முனை. நடுத்தூணிலிருந்து தள்ளிப் போகப் போக நனைக்க வேண்டிய பரப்பு கூடுவதால் துளையும் பெரிதாகிக்கொண்டே போகும், அதனால் கழற்றிக் கழுவும்போது வரிசை மாறாமல், நாசிலில் உள்ள எண்ணைப் பார்த்துப் பூட்டுங்கள். ஒரே அளவு டப்பாக்களைக் கடைசிச் சக்கரம் வரை வரிசையாக வைத்து ஒரு முறை ஓட்டி, விழுந்த நீரை அளந்து பாருங்கள். மணல் தேய்த்து அகன்ற துளையும் அடைத்துக்கொண்ட துளையும் அதிலேயே தெரிந்துவிடும்.