புள்ளிக் கோலத்தில் பெருக்கல்
தீபாவளிக்கு வகுப்பில் கோலம் செய்கிறீர்களா? பெருக்கலையும் அதிலேயே சேர்த்துவிடலாம். கறுப்பு அட்டையில் வட்ட ஸ்டிக்கர்களை வரிசைக்கு 5 என 4 வரிசை ஒட்டச் சொல்லுங்கள். நேர்ப்புள்ளிதான் (புள்ளிக்கு நேர் கீழே புள்ளி) சரி, ஊடுபுள்ளி (இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி) என்றால் வரிசைக்கு வரிசை எண்ணிக்கை மாறிவிடும். முதலில் ஒவ்வொன்றாகத்தான் எண்ணுவார்கள். எண்ணட்டும். அப்புறம் ஐந்து, பத்து, பதினைந்து என்று தாவ வையுங்கள். அட்டையைப் பக்கவாட்டில் திருப்பினால் 5 வரிசை, வரிசைக்கு 4. புள்ளி அதே 20. இந்த இடத்தில் நீங்கள் பேசாமல் இருங்கள், பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்துவார்கள்!

சிங்கப்பூரில் தொடக்கநிலை 2 (இரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்கு 2, 3, 4, 5, 10 வாய்ப்பாடுகள் போதும். சீனப் புத்தாண்டில் இரண்டாம் வாய்ப்பாட்டுக்குக் காகித ஆரஞ்சு செய்யலாம்: பார்க்கப் போகும் வீட்டுக்கு ஒரு ஜோடி ஆரஞ்சு கொடுப்பது வழக்கம், அப்படியென்றால் 6 வீட்டுக்கு எத்தனை ஆரஞ்சு?