மரச்சட்டக வீடு: சிங்கப்பூரில் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய தரைவீட்டை இடித்துக் கட்டவோ, இருக்கும் வீட்டின்மேல் ஒரு தளம் எழுப்பவோ எண்ணும் குடும்பங்களில், மரத்தில் கட்டினால் என்ன என்ற பேச்சு இப்போது எழுகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2017ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட 'தி வேவ்' விளையாட்டரங்கின் 72 மீட்டர் நீள மரக்கூரையையும், 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஆறு மாடி 'காயா' மரக்கட்டடத்தையும் பார்த்தவர்களுக்கு, இந்த ஊரின் வெயிலிலும் மழையிலும் மரம் தாக்குப்பிடிக்குமா என்ற ஐயம் ஓரளவு நீங்கியிருக்கும். மரம் தாக்குப்பிடிக்கும். ஆனால், அதை உலர்வாக வைத்திருக்கத் தெரிந்தவர் கட்டினால் மட்டுமே தாக்குப்பிடிக்கும். மரவீடுகளில் நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, குளிர்நாட்டு முறையை அப்படியே இங்கே கொண்டுவருவதாலோ, காங்கிரீட்டை நடத்துவதுபோல மரத்தையும் நடத்துவதாலோ வருகின்றன.

மரச்சட்டகம் என்றதும் எல்லோரும் ஒரே முறையை நினைப்பதில்லை என்பதால் அதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வட அமெரிக்காவில் பரவலாக உள்ளது, ஏறத்தாழ 38க்கு 89 மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, இருபுறமும் பலகை அடித்து, நடுவில் வெப்பக்காப்புப் பஞ்சை அடைக்கும் முறை. இங்கே பல்கலைக்கழகக் கட்டடங்களில் பயன்பட்டிருப்பது, பலகைகளை ஒட்டி அடுக்கித் தடித்த தூண்களாகவும் விட்டங்களாகவும் தளப்பலகைகளாகவும் தொழிற்சாலையில் செய்து கொண்டுவரும் கனமர முறை. தீ, ஈரம், செலவு, அனுமதி ஆகிய நான்கிலும் இவ்விரண்டும் வேறுபடுகின்றன. ஒன்றின் விளம்பரத்தைப் படித்துவிட்டு மற்றொன்றுக்கு விலைப்பட்டியல் கேட்பது வீண் குழப்பத்தில்தான் முடியும்.

நன்மைகளையும் இந்த ஊருக்கு ஏற்பவே எடைபோட வேண்டும். வெளிநாட்டு விற்பனைக் கையேடுகள் குளிர்காலச் சூடேற்றும் செலவு குறையும் என்றும், நிலநடுக்கத்தைத் தாங்கும் என்றும் பக்கம் பக்கமாகப் பேசும். இவை இரண்டுமே சிங்கப்பூர் வீட்டுக்காரருக்குப் பெரிய பொருட்டல்ல. நமக்குப் பயன்படும் நன்மைகள் வேறு. ஒரு கன மீட்டர் காங்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ எடையுள்ளது. அதே அளவு ஸ்புரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரம் 500 கிலோவைத் தொடுவதே அரிது. ஆகவே, பழைய அடித்தளத்தின்மேல் புதிய தளம் எழுப்புகையில் கூடும் பாரம் கணிசமாகக் குறையும். பாகங்கள் தொழிற்சாலையில் வெட்டப்பட்டு வருவதால் கட்டுமான இடத்தில் வேலை விரைவாக முடியும். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீட்டாருக்குத் தூசியும் இரைச்சலும் குறையும். அந்த ஒரு கன மீட்டர் மரம், தான் வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரியமில வாயுவில் ஏறத்தாழ 0.8 டன்னுக்கு ஈடான கரிமத்தைத் தனக்குள் வைத்திருக்கிறது. இவற்றோடு, நாள்தோறும் உணரக்கூடிய மற்றொன்றும் உண்டு. மேற்கு பார்த்த காங்கிரீட் சுவரில் இரவு எட்டு மணிக்குக் கை வைத்தால் பகல் வெயில் இன்னும் அதில் இருப்பது தெரியும். மரச்சுவர் அவ்வளவு வெப்பத்தைத் தேக்கி வைப்பதில்லை. நல்ல நிழலும் வெப்பக்காப்பும் இருந்தால் பொழுது சாய்ந்ததும் விரைவில் தணிந்துவிடும்.

இனி, எல்லாவற்றிலும் கேடு மிகுந்ததாக நான் கருதும் தவறுக்கு வருவோம். அது கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் நிகழ்வது. குளிர்நாடுகளில் வீட்டின் உட்புறம் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும், வெளிப்புறம் குளிர்ந்தும் இருக்கும் என்பதால், நீராவி உள்ளிருந்து வெளியே செல்ல முயலும். அதைத் தடுக்க உட்புறப் பலகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாளை விரிப்பார்கள். சிங்கப்பூரில் நிலைமை தலைகீழ். வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீர்த்துளியாக மாறும் வெப்பநிலை, ஆண்டு முழுவதும் 24 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. உள்ளே படுக்கையறையில் குளிர்சாதனத்தை 22 டிகிரியில் வைத்துவிட்டுத் தூங்குகிறோம். இங்கே நீராவி வெளியிலிருந்து உள்நோக்கி வருகிறது. குளிர்நாட்டு வரைபடத்தைப் பார்த்து உட்புறத்தில் பிளாஸ்டிக் தாளை விரித்திருந்தால், வந்த நீராவி அந்தக் குளிர்ந்த தாளின் பின்புறத்தில் முத்து முத்தாகத் துளிர்த்து, வழிந்து, அடிச்சட்டத்தில் தேங்கும். சுவரின் வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்க, உள்ளே பஞ்சு நனைந்து, சட்டம் கறுத்து, பூஞ்சணம் படரும்.

ஆகவே, நீராவித் தடுப்பு நம் ஊரில் சட்டகத்தின் வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். உட்புறப் பூச்சோ ஈரத்தை விட்டுக்கொடுப்பதாக இருக்க வேண்டும். தடுப்புத் தாளைச் சரியான பக்கத்தில் விரித்த வீட்டிலும், பின்னாளில் உட்சுவர் முழுவதும் வினைல் தாள் ஒட்டினால் அதே தவறு மீண்டும் நேர்ந்துவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. சுவரின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, "நீராவித் தடுப்பு எந்தப் பக்கம், ஏன்?" என்று கட்டடக் கலைஞரிடம் கேளுங்கள். தயக்கமின்றி விளக்கம் வர வேண்டிய கேள்வி இது. இதற்கே தடுமாறுகிறவரிடம் வீட்டை ஒப்படைப்பது சரியல்ல.

குளிர்சாதனக் குழாய்களும் இதே வகைத் தொல்லை தருவன. சுவருக்குள் ஓடும் குளிர்க்குழாயைச் சுற்றியுள்ள கறுப்பு நுரையுறையில் வளைவுகளிலோ இணைப்பிலோ விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு இருந்தாலும், அவ்விடத்தில் குழாய் இடைவிடாமல் வியர்க்கும். காங்கிரீட் வீட்டில் அது கூரைப்பலகையில் ஒரு கறையாகத் தெரிந்து, ஆள் கூப்பிட்டுச் சரிசெய்யும் சிறு வேலையாக முடியும். மரச்சட்டகத்திலோ அது ஒரே சட்டத்தை மாதக்கணக்கில் நனைத்துக்கொண்டிருக்கும். குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல், திறந்து பார்க்கக்கூடிய மூடியுள்ள தனிப்பாதையில் கொண்டுசெல்வதே நல்லது.

கட்டும்போதே மரம் நனைந்துவிடுவது அடுத்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் ஒட்டுமர விட்டங்கள் பொதுவாகத் தம் உலர் எடையில் 12 விழுக்காடு ஈரத்தோடு தொழிற்சாலையை விட்டுப் புறப்படும். நம் ஊர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் என்பதால், மழையே படாவிட்டாலும் மரம் மெல்ல ஈரத்தை வாங்கி 16 விழுக்காட்டை ஒட்டி நிலைகொள்ளும். அதற்கேற்பச் சற்று உப்பும். இதைக் கணக்கில் கொள்ளாமல் இடைவெளியின்றி இறுக்கிப் பொருத்தினால் கதவும் சன்னலும் சிக்கிக்கொள்ளும். மழை வேறு விஷயம். ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்கு வழி பிறக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூரையில்லாத சட்டகத்தை நாட்கணக்கில் திறந்துபோட்டுவிட்டு, வெயில் வந்ததும் பலகை அடித்து மூடும் குத்தகையாளர், ஈரத்தையும் சேர்த்தே உள்ளே அடைக்கிறார். சுவரை மூடுவதற்கு முன் ஒவ்வொரு அறையிலும், குறிப்பாக அடிச்சட்டங்களிலும் வெட்டுமுனைகளிலும், ஈரமானியால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தண்ணீரை வெட்டுமுனைதான் வெகு விரைவாக உறிஞ்சும்.

கரையான் இல்லாத நிலம் சிங்கப்பூரில் இல்லை என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். இறக்குமதியாகும் ஸ்புரூஸ் போன்ற மென்மரங்களுக்கு, 'செங்கால்' (chengal) எனப்படும் மலாயா வன்மரத்துக்கு உள்ள இயற்கையான எதிர்ப்பு கிடையாது. மண்ணுக்கு மருந்தடித்துவிட்டோம் என்று பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்த மருந்தின் வீரியம் நாளடைவில் குறையும். மரம் மண்ணைத் தொடாதபடி காங்கிரீட் அடிமேடையைத் தரைக்கு மேல் நன்றாக உயர்த்தி, அந்த மேடையின் பக்கச்சுவர் எப்போதும் கண்ணில் படும்படி வைத்திருப்பதே நிலையான காப்பு. நிலத்தடிக் கரையான் வெளிச்சத்துக்கு அஞ்சி மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். பென்சில் பருமனுள்ள அந்த மண்குழாயை வெறும் சுவரில் எளிதாகப் பார்த்துவிடலாம். அதே இடத்தில் பூச்செடிப் பாத்தியும் காலணி அலமாரியும் பழைய அட்டைப்பெட்டிகளும் சாய்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. மருந்தேற்றிய மரத்தை வாங்கினாலும், கட்டுமான இடத்தில் அறுத்த முனைகளுக்கு மீண்டும் மருந்து பூசாவிட்டால் அந்த முனையே கரையானுக்கு வாசலாகிவிடும்.

தீயைப் பற்றி இருவேறு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீயில் அத்தாப்புக் கூரை வீடுகள் எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள், மரம் என்றாலே அஞ்சுவது இயல்பு. ஆனால், நெருக்கமாக அமைந்த ஓலைக்கூரை வீடுகளும் இன்றைய தடித்த ஒட்டுமர விட்டமும் ஒன்றல்ல. தடித்த மரம் எரியும்போது அதன் மேற்பரப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் வீதம் கரியாகும். அந்தக் கரியடுக்கு உள்மரத்தைக் காக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கத்தில் 40 மில்லிமீட்டர் அளவு போகும் என்று கணக்கிட்டு, அதற்கு மேலும் பாரம் தாங்கும் பருமனில் பொறியாளர் விட்டத்தை வடிவமைக்கிறார். இதைக் கேட்டுவிட்டு மரவீடு என்றால் தீக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று எண்ணுவது மற்றொரு தவறு. மெல்லிய சட்டங்களில் கரியாகிப்போனது போக மிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது. அவற்றைக் காப்பது மேலே அடித்த ஜிப்சம் பலகைதான். அந்தப் பலகையில் விளக்குகளுக்காக வரிசையாகத் துளை போட்டு, துளைகளை அடைக்காமல் விடுவது தீக்காப்பையே ஓட்டையாக்குவதாகும். எந்த வகை மரச்சட்டகத்தை எந்த வீட்டில், குறிப்பாகப் பொதுச்சுவர் உள்ள வரிசை வீடுகளில், எந்த நிபந்தனையோடு கட்டலாம் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதிகளையும், கட்டட, கட்டுமான ஆணையத்தின் ஒப்புதலையும் பொறுத்தது. மரத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்ள முற்பட்டுப் பயனில்லை.

குளியலறையையும் மாடத்தையும் மரத்திலேயே அமைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. காயா கட்டடத்திலேயே கழிவறைகளும் தரைத்தளத்தின் அடிப்பலகையும் வெளிப்படிக்கட்டுகளும் காங்கிரீட்டால் ஆனவை. அப்படியிருந்தும் அங்கே சில மரப்பரப்புகளில் பூஞ்சணம் தோன்றியது பின்னர் செய்தியானது. மரக்கட்டுமானம் கூடாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. காற்றோட்டத்தையும் பராமரிப்பையும் கட்டி முடித்த பிறகு யோசிக்கக் கூடாது என்பதற்கே அது சான்று என்று நான் கருதுகிறேன். கூரை விளிம்பே இல்லாத பெட்டி வடிவ வீடுகள் இப்போது நாகரிகமாகிவிட்டன. மரவீட்டுக்கு அந்த வடிவம் ஒத்துவராது. இங்குள்ள பழைய கறுப்பு வெள்ளை பங்களாக்களைப் பாருங்கள்: தரையிலிருந்து உயர்ந்த செங்கல் தூண்கள், மழைச்சாரல் சுவரைத் தொடாத அளவுக்கு நீண்ட கூரை, எல்லாப் பக்கமும் காற்று. கம்பத்து வீடுகளிலும் கற்பாதம் மரத்தூணை மண்ணிலிருந்து பிரித்தே வைத்திருந்தது.

ஓசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மேல்தளத்தில் பிள்ளைகள் ஓடும் சத்தம் இலேசான மரத்தளத்தில் கீழே நன்றாகவே கேட்கும் என்பதால், அதிர்வை உறிஞ்சும் அடுக்கையும் கனமான மேற்பூச்சையும் வடிவமைப்பிலேயே சேர்த்து, அதற்கான எடையையும் செலவையும் கணக்கிட வேண்டும்.

குடியேறிய பிறகும் தவறுகள் தொடரலாம். மறுசீரமைப்புக்கு வரும் ஆள் காங்கிரீட் வீட்டுப் பழக்கத்தில், குழாய்க்கு வழிவிட விட்டத்தின் அடிப்பகுதியைக் கொத்தி எடுத்துவிடுவார். வளையும் விட்டத்தில் இழுவிசை மிகுந்திருப்பது பெரும்பாலும் நடுப்பகுதியின் அடிவிளிம்பில்தான். அங்கே ஒரு சிறு கொத்தும் பெரிய பலவீனம். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எங்கே துளையிடலாம் என்று காட்டும் வரைபடத்தையும், பலகை அடித்து மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் எடுத்த படங்களையும், ஈரமானி அளவுகளையும் ஒரே கோப்பில் சேர்த்து, சாவியோடு குத்தகையாளரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். இறுதித் தவணையைச் செலுத்துவதற்கு முன்பே அந்தக் கோப்பு உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.