முன்னால் நடக்க ஆசையா? முதலில் கடைசியில் வாருங்கள்

மலைநடைக் குழுவில் தன்னார்வலராகச் சேர வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு முன்னால் நடக்கத்தான் ஆசை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேகமாக நடப்பேன், வரைபடம் படிப்பேன், வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு. நான் தலைமை தாங்கிய நான்காவது நடையிலேயே அது இறங்கிவிட்டது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பி நடந்துகொண்டே இருந்தேன். பின்னால் பேச்சுச் சத்தம் விடாமல் கேட்டதால் எல்லோரும் வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த மேட்டில் நின்று தலை எண்ணினால் பதினான்கு பேரில் இரண்டு பேரைக் காணோம். ஷூ கயிறு கட்டக் குனிந்த ஒருவரும், அவருக்காக நின்ற தோழியும் வலப்பக்கப் பாதையில் போயிருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டோம். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடமும் என் வயிறு என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும். குழுவின் மூத்தவர் திட்டவில்லை. "அடுத்த ஆறு மாசம் நீ கடைசியில வா" என்றார், அவ்வளவுதான்.

தண்டனை என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது யார் வந்து கேட்டாலும் நானும் அதையே சொல்கிறேன். எந்தக் குழுவில் சேர்ந்தாலும் முதலில் கடைசி ஆளாக வரும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். முன்னால் போகிறவருக்குப் பாதை தெரியும். மனிதர்கள் தெரிவது பின்னால் வருகிறவருக்குத்தான். கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மௌனமாகிவிட்டால் ஏதோ சரியில்லை. ஒருவர் கல் மேல் ஏறும்போதெல்லாம் வலது காலையே முதலில் வைக்கிறார் என்றால் இடது முட்டியைக் கேளுங்கள். குதிகாலை லேசாகத் தூக்கித் தூக்கி வைக்கிறாரா? அங்கேயே நிறுத்தி ஷூவைக் கழற்றச் சொல்லுங்கள். தோல் சிவந்து சூடாக இருக்கும்போது ஒட்டுத்துணி போட்டால் இரண்டு நிமிட வேலை. கொப்புளம் வந்த பிறகு என்றால் அன்றைய நடையே முடிந்தது. "பரவாயில்லை, நடந்துடுவேன்" என்பார்கள். நம்பாதீர்கள்.

முதலுதவிப் பயிற்சி கட்டாயம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சொல்லித்தரும் பயிற்சி போதாது, அது ஆம்புலன்ஸ் சில நிமிடங்களில் வந்துவிடும் என்ற கணக்கில் அமைந்தது. காட்டுப்பகுதி முதலுதவி என்று தனியாக இருக்கிறது, வழக்கமாக 16 முதல் 20 மணி நேரம். கணுக்கால் முறிந்தவரோடு மழையில் நான்கு மணி நேரம் காத்திருப்பது எப்படி என்பதை அங்கேதான் சொல்லித்தருவார்கள். பல நாள் நடைகளுக்குத் தலைமை தாங்கும் எண்ணம் இருந்தால் 70, 80 மணி நேரப் பயிற்சி பிறகு வரட்டும்.

நேரக் கணக்குக்கு நான் இன்னும் நெய்ஸ்மித் விதியைத்தான் பயன்படுத்துகிறேன். 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது. இன்றைய அளவில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் வரும். அவர் கணக்கு நல்ல உடற்கட்டு உள்ளவருக்கு, அதுவும் ஓய்வைச் சேர்க்காமல். கலவையான குழுவுக்கு நான் இன்னொரு பாதியைச் சேர்த்து ஐந்து மணி நேரம் என்று வைப்பேன். திரும்பும் நேரத்தையும் கிளம்பும்போதே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள்: "உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரு மணிக்குத் திரும்புறோம்." அங்கே போய்ச் சொன்னால் எடுபடாது. எந்தப் பாதை, எத்தனை பேர், எப்போது வரவில்லை என்றால் யாரை அழைப்பது என்று எழுதி, நடைக்கு வராத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மருந்து விவரத்தைக் கூட்டத்தில் கேட்கக் கூடாது, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். ஆஸ்துமா இருக்கிறது என்றால் இன்ஹேலர் பையில் எந்த அறையில் இருக்கிறது என்பது வரை கேளுங்கள். காரில் இருக்கிறது என்ற பதில் எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. தகுந்த ஷூ இல்லாதவரையோ காய்ச்சலோடு வந்தவரையோ கிளம்பும் இடத்திலேயே திருப்பி அனுப்புவது சங்கடம்தான். ஆனால் பாதி வழியில் திருப்பி அனுப்பும்போது அவரோடு நீங்களும் இறங்க வேண்டியிருக்கும்.

நடக்கும்போது இரண்டு பழக்கம் போதும். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் கடைசி ஆள் கண்ணில் படும் வரை நகராதீர்கள். ஓய்வு நேரத்தைக் கடைசியில் வந்தவர் உட்கார்ந்த நொடியிலிருந்து கணக்கிடுங்கள். மற்றவர்கள் பத்து நிமிடம் இளைப்பாறி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து "வந்துட்டாரா, சரி கிளம்பலாம்" என்பதைவிடக் கொடுமை எதுவும் இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். முகட்டை விட்டு உடனே இறங்குங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மறுபடி ஏறாதீர்கள். ஆபத்துக்கு விசில்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. பதில் மூன்று ஊதல்.

கடைசியில் நடந்த அந்த ஆறு மாதத்தில்தான் பாதையே என் கண்ணில் பட்டது. சேறு தேங்கிய இடத்தில் ஷூ நனையாமல் இருக்கப் பதினான்கு பேரும் ஓரமாகச் சுற்றிப் போனால் ஒற்றையடிப் பாதை ஒரே பருவத்தில் வண்டிப்பாதை அகலம் ஆகிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் குறுக்கே இறங்குகிறவர்கள் போட்ட தடம் அடுத்த மழையில் ஓடையாகும். அதைப் பார்த்துத்தான் பாதைப் பராமரிப்பில் சேர்ந்தேன்.

இதற்கு நிலத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் அனுமதி முதலில் வேண்டும். ஆர்வக்கோளாறில் தானாக மண்வெட்டியோடு கிளம்பாதீர்கள். அனுமதி கிடைத்தால் ஒரு சிறு துண்டை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், இரண்டு கிலோமீட்டர் தாராளம். பெண்டன் மக்கே 1921இல் முன்மொழிந்து 1937இல் முழுமையடைந்த அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். அதை இன்றும் முப்பது அமைப்புகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டுதான் பார்த்துக்கொள்கிறார்கள்.

உங்கள் துண்டை முதல் தடவை மழையிலேயே நடந்து பாருங்கள். பாதையை அதிகம் கெடுப்பது அதன் மேல் ஓடும் தண்ணீர். வெயிலில் அது எங்கே ஓடும் என்று ஊகிக்கத்தான் முடியும். என் துண்டில் பெரிய பாறைக்குக் கீழே ஒரு குறுக்கு வடிகால் இருக்கிறது. முதல் மழையில் போனபோது அது இருப்பதே தெரியவில்லை. இலையும் மண்ணும் விளிம்புவரை அடைத்திருந்தன, தண்ணீர் அதைத் தாண்டிப் பாதையிலேயே நாற்பது அடி ஓடி நடுவில் முழங்கை ஆழத்துக்கு அறுத்திருந்தது. மண்வெட்டியால் அடைப்பைத் தோண்டி, வெளியேறும் வாயை வடிகாலைவிட அகலமாக வெட்டினேன். வாய் குறுகலாக இருந்தால் அங்கேதான் முதலில் அடைக்கும். தோண்டிய மண்ணைச் சரிவு இறங்கும் பள்ளத்துப் பக்கம் குவிக்கவில்லை, குவித்தால் அதுவே கரையாகித் தண்ணீரைப் பாதைக்குள் நிறுத்தும். பாதை நடுவில் தண்ணீர் அறுத்த குழியில் போட்டு மிதித்தேன். முக்கால் மணி நேர வேலை. முதல் தண்ணீர் தயங்கித் தயங்கித் திரும்பி வெளியே வழிந்ததைக் குடையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாதை பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவு. குறுக்குத் தடங்களை அறிவிப்புப் பலகை அடைக்காது, முள்ளும் காய்ந்த கிளையும் போட்டு மூடினால்தான் அடைபடும். கிளை வெட்டினால் குச்சி நீட்டாமல், அடியில் புடைத்திருக்கும் வளையத்தையும் காயப்படுத்தாமல் வெட்டுங்கள். வெட்டியதைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் போடுங்கள். கருவிகளைத் தோளில் சாய்க்காமல், பள்ளத்துப் பக்கக் கையில் தொங்கவிட்டு எடுத்துச் செல்லுங்கள். வழுக்கினால் அந்தப் பக்கம் வீசிவிடலாம். ஆளுக்கு ஆள் மூன்று மீட்டர் இடைவெளி.

நடையோ மண்வேலையோ, திரும்பி வந்ததும் தலை எண்ணுங்கள். பிறகு வண்டிகள் நிற்கும் இடத்தில் காத்திருங்கள். எல்லா வண்டியும் கிளம்பும்வரை நீங்கள் கிளம்பக் கூடாது. ஒருமுறை, எல்லோரும் கையசைத்துப் போன பிறகு, ஓரத்தில் ஒரு பெண் வண்டியைத் திறக்கச் சாவி தேடிக்கொண்டிருந்தார். இருட்டிவிட்டது, போனில் சார்ஜ் இல்லை. சாவி அவர் முதுகுப்பையின் அடியில், ஈரச் சாக்ஸுக்குள் இருந்தது.