எக்கோ சவுண்டர் திரைய எப்படி பாக்கணும்?
உவரியில எங்க மாமா வள்ளத்துல எக்கோ சவுண்டர், அதான் சத்தத்த வச்சு ஆழத்தையும் மீனையும் காட்டுத மிஷின், மாட்டுன புதுசுல, திரையில மீன் தெரிஞ்ச ஒடனே "அந்தா முன்னால கெடக்கு"ன்னு வலைய எறக்கிருவோம், ஒண்ணும் படாது. விஷயம் என்னன்னா திரையோட சோத்தாங்கை பக்க ஓரம் மட்டுந்தான் இப்போ வள்ளத்துக்கு அடியில இருக்கது, மத்ததெல்லாம் நாம தாண்டி வந்த எடம். மீன் தெரிஞ்சா வந்த வழியே திரும்பணும்.

மிஷின் செய்யுதது இவ்வளவுதான்: அடியில இருக்க டிரான்ஸ்டியூசர் நம்ம காதுக்கு கேக்காத சத்தத்த கீழ அனுப்பும், அது தரையில முட்டி திரும்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கும். கடல் தண்ணில சத்தம் செகண்டுக்கு சுமார் 1500 மீட்டர் ஓடும், காத்துல 340 தான். 0.08 செகண்ட்ல திரும்புனா போக வர 120 மீட்டர், அப்போ ஆழம் 60, நம்ம கணக்குல 33 பாகம். தாத்தா காலத்துல ஈயக்குண்ட கயித்துல கட்டி எறக்கி கையால அளந்த அதே ஆழந்தான். 1912ல டைட்டானிக் முங்குன பெறவு பனிப்பாறைய கண்டுபிடிக்க இந்த வழிய தேட ஆரம்பிச்சாங்க, முதல் உலகப்போர்ல நீர்மூழ்கிய பிடிக்கதுக்காக வேகமா வளந்துச்சு.

மீனுக்கு முன்னால தரைய பாருங்க. பார், அதான் கடலுக்கு அடியில கெடக்க பாறை, உள்ள எடம்னா கோடு தடிமனா பளிச்சுன்னு வரும், சில சமயம் சத்தம் மேல வந்து முட்டி மறுபடியும் கீழ போய்ட்டு வாரதால ரெண்டு மடங்கு ஆழத்துல இன்னொரு கோடும் விழும். சேறு சத்தத்த முழுங்கிரும், கோடு மங்கலா இருக்கும். பார்ல வலை மாட்டி கிழிஞ்சா என்ன செலவுன்னு நமக்கு தெரியும்லா, அதனால பார் கண்ட எடத்த ஜிபிஎஸ்ல போட்டு வச்சிருங்க, கூடவே கரையில தெரியுத எங்க ஊரு கப்பல் மாதா கோயிலையும் மலையையும் வச்சு பெரியவங்க எடம் பாக்கத கத்துக்கிடுங்க, பேட்டரி எறங்குனா அதான் கை குடுக்கும்.

பல மீனுக்கு வயித்துக்குள்ள காத்துப்பை இருக்கு, அதுலதான் சத்தம் நல்லா முட்டி திரும்பும். ஒத்த மீன் வில்லு மாதிரி வளைஞ்சு தெரியும், கூட்டம்னா மேகம் மாதிரி. மீன் பொம்மை காட்டுத செட்டிங்க ஆஃப் பண்ணிருங்க, குப்பையையும் குமிழையும் கூட மீன்னு காட்டும். மிஷின் அனுப்புத சத்தத்தோட அதிர்வெண்ண கரைப்பக்கம் 200 கிலோஹெர்ட்ஸ்ல வைங்க, ஆழத்துக்கு 50ல.

திரை பூரா கோடு கோடா வந்தா மொதல்ல டிரான்ஸ்டியூசர்கிட்ட இருக்க காத்துக்குமிழ சந்தேகப்படுங்க. எங்களுக்கு அப்படித்தான், கழட்டி பாத்தா ஒட்டுன பசைக்குள்ள உளுந்தம்பருப்பு அளவுல ஒரு குமிழ். இன்ஜின் ஃபேன் கெளப்புத நுரைக்கும் தள்ளி டிரான்ஸ்டியூசர மாட்டுங்க. வாரம் ஒருக்கா பாசிய ஈரத்துணியால தொடைங்க, கத்தி வச்சு சொரண்டாதீங்க.