அடுத்த வசனத்தையும் படிங்க: கிருபை, இரட்சிப்பு பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வேதம் படிப்போம். பெரியவர்கள் மடியில் பழைய தமிழ் வேதாகமம், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கையில் போன். போன மாதம் ஒரு அக்கா கேட்டார்: "தம்பி, இரட்சிப்பு இலவசம்னு சொல்றீங்க, அப்புறம் பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படுங்கள்னு பவுலே எழுதியிருக்காரே, எதை நம்புறது?"

பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் வரும், "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்ற பிலிப்பியர் 2:12-ஐத்தான் கேட்கிறார். இரட்சிப்பு என்றால் பாவத்திலிருந்து தேவன் தரும் விடுதலை. அவருடைய வேதாகமத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் கடைசியில் அந்த வசனம், சிவப்பு மையில் இரண்டு முறை கோடு போட்டது. பக்கத்தைத் திருப்பினால் 13-ம் வசனம், அதில் ஒரு கீறல்கூட இல்லை. "ஏனெனில் தேவனே" என்று தொடங்கி, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் அவர்தான் என்று அது சொல்கிறது. நீங்கள் பாடுபடுங்கள், ஏனென்றால் உள்ளே வேலை செய்கிறவர் அவர். இந்த "ஏனெனில்" விட்டுப்போனால் அக்காவைப் போல ராத்திரி தூக்கம் கெட வேண்டியதுதான். இன்னொன்று, அந்த வசனம் இரட்சிப்பை "சம்பாதியுங்கள்" என்று சொல்லவில்லை, "நிறைவேற" என்றுதான் சொல்கிறது. ஏற்கெனவே கையில் உள்ளதுதானே நிறைவேற முடியும்?

இங்கே நம் தமிழே நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் ஒருவரிடம் பேசினால் "நீ", மரியாதைக்கு "நீர்", பலரிடம் பேசினால்தான் "நீங்கள்". நாமோ மரியாதைக்கு "நீங்கள்" சொல்லிப் பழகியவர்கள், அதனால் "உங்கள் இரட்சிப்பு" என்றதும் எனக்கு மட்டும் வந்த கடிதம் போலப் படிக்கிறோம். பவுல் சிறைக்கட்டில் இருந்துகொண்டு, தான் பக்கத்தில் இல்லாத ஒரு சபை முழுவதற்கும் எழுதுகிறார். ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான், அங்கே ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வார்த்தை.

எபேசியர் 2:8, 9 பலருக்கு மனப்பாடம். இரட்சிக்கப்பட்டது கிருபையினாலே (தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவு), விசுவாசத்தைக்கொண்டு, கிரியைகளினால் (நம் செயல்களால்) அல்ல. சரி, 10-ம் வசனம்? அதுவும் "ஏனெனில்" என்றுதான் ஆரம்பிக்கிறது, நற்கிரியைகளைச் செய்யத்தான் நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. கிரியை வேர் இல்லை, கனி. ஒன்பதோடு நிறுத்திவிட்டு "கிருபை இருக்கிறது, எப்படியும் வாழலாம்" என்பவர்களுக்கு "கிருபை பெருகட்டும் என்று பாவத்தில் நிலைத்திருக்கலாமா? கூடாதே" என்கிற ரோமர் 6-ன் முதல் இரண்டு வசனங்களே போதும்.

அடுத்தது பவுலையும் யாக்கோபையும் மோதவிடுவது. மனுஷன் நீதிமானாக்கப்படுவது, அதாவது தேவன் முன் நீதிமானாக ஏற்கப்படுவது, விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்று யாக்கோபு 2:24 சொல்கிறதே, இது முரண்தானே என்பார்கள். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரே 1522-ல் யாக்கோபின் அந்த நிருபத்தை (கடிதத்தை) வைக்கோல் என்று சொன்னவர், ஆகவே கேள்வி சாதாரணமானது இல்லை. ஆனால் யார் யாரோடு பேசுகிறார் என்று பாருங்கள். கலாத்தியரில் பவுலின் சண்டை, யூதச் சடங்கான விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் நீதிமான் என்பவர்களோடு. யாக்கோபின் சண்டை, துணியும் சோறும் இல்லாமல் வாசலில் நிற்கிற சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள், பசியாறுங்கள்" என்று வாயால் வாழ்த்தி அனுப்புகிற விசுவாசியோடு. பவுலும் கலாத்தியர் 5:6-ல் "அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம்" என்றுதானே எழுதுகிறார்!

"நீங்க எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. தேதி ஞாபகம் இருப்பவர்களுக்குச் சந்தோஷம், இல்லாதவர்களைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். எபேசியர் 2:8-ல் "இரட்சிக்கப்பட்டீர்கள்", 1 கொரிந்தியர் 1:18-ல் "இரட்சிக்கப்படுகிற", ரோமர் 5:9-ல் இனி நடக்கப்போவது. மூன்று காலமும் வேதத்திலேயே இருக்கிறது.

கத்தோலிக்க நண்பர் கிருபைக்கு "அருள்", இரட்சிப்புக்கு "மீட்பு" என்றால் வேறு கொள்கை என்று நினைத்துவிட வேண்டாம், அவர்கள் படிக்கும் தமிழ் வேதாகமமான திருவிவிலியத்தின் சொற்கள் அவை. வித்தியாசங்கள் உண்டுதான், ஆனாலும் நீதிமானாக்கப்படுதல் பற்றி 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபைகளும் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

கடைசியாக, பவுலும் சீலாவும் தங்களைக் காவல்காத்த சிறைச்சாலைக்காரனுக்குச் சொன்ன, நம் வீட்டுக் காலண்டர்களில் தொங்கும் அப்போஸ்தலர் 16:31: "நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்". ஒருவர் விசுவாசித்தால் வீடே உள்ளே என்று உத்தரவாதச் சீட்டு போலப் பிடித்துக்கொள்கிறோம். 32-ம் வசனத்தில் பவுலும் சீலாவும் அந்த ராத்திரியே சிறைச்சாலைக்காரன் வீட்டில் இருந்த எல்லாருக்கும் வசனத்தைப் போதிக்கிறார்கள், 34-ல் வீட்டார் அனைவரும் விசுவாசிக்கிறார்கள். அதே அக்காதான், வீட்டுக்காரருக்காகப் பல வருஷமாக இந்த வசனத்தைச் சொல்லி ஜெபிக்கிறவர், இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. செருப்பு மாட்டும்போது சொன்னார்: "அடுத்த வெள்ளிக்கிழமை நம்ம வீட்ல வெச்சுக்கலாமா தம்பி? அவர் ஹால்லதான் டிவி பார்த்துட்டு இருப்பார்."